வசிய மருந்து நம்பர் 9: நாவல்ட்டி பாட்டுன்னா என்ன, அதை கவர் பண்ணா சிரிப்பு எங்க போகும்?

பாட்டோட கதையை முதல்ல சொல்லிடறேன், அப்புறம் மத்ததெல்லாம்.

ஒருத்தன் இருக்கான். பொண்ணுங்க யாரும் அவனைத் திரும்பிக்கூட பாக்கறதில்ல, 1956-லேருந்தே தன் நிலைமை இப்படித்தான்னு வருஷக்கணக்கு வேற வெச்சிருக்கான். வேற வழி தெரியாம மேடம் ரூத்னு குறி சொல்ற ஒரு அம்மாகிட்ட போறான், தங்கப்பல் கட்டின அம்மா, தெருமுனையில ஒரு ரூம் எடுத்து சின்னச் சின்ன பாட்டில்ல மருந்து விக்கறவங்க. அவங்க இவன் கையைப் பாத்துட்டு, ஏதோ மந்திரம் மாதிரி ஒரு சைகை காட்டிட்டு, உனக்கு வேண்டியது ஒன்பதாம் நம்பர் வசிய மருந்துதான்னு சொல்லி, கண்ணடிச்சுட்டு, அங்கயே பாத்திரம் கழுவற சிங்க்லயே கலக்கறாங்க. மருந்துல டர்பன்டைன் வாடை, பாத்தா இந்தியன் இங்க் மாதிரி கன்னங்கரேல்னு இருக்கு. மூக்கைப் பிடிச்சுக்கறான், கண்ணை மூடிக்கறான், ஒரே மடக்கு. அதுக்கப்புறம் பகலா ராத்திரியான்னே தெரியாம கண்ணுல படறதுக்கெல்லாம் முத்தம் குடுத்துக்கிட்டே போறான், கடைசில அதே தெருமுனையில நின்னுட்டிருந்த போலீஸ்காரருக்கும் ஒண்ணு குடுத்துடறான். அவரு பாட்டிலை உடைச்சுடறாரு. கதை முடிஞ்சுது, எல்லாம் சேத்து சுமாரா ரெண்டு நிமிஷம்.

இதுதான் 'லவ் போஷன் நம்பர் நைன்'. 1959-ல தி க்ளோவர்ஸ்னு ஒரு கறுப்பினப் பாடகர் குழு முதல்ல பாடினது. நம்ம ஊர்ல வசிய மைன்னு சொல்லுவோமே, பாட்டுல வர்ற மருந்தும் இங்க் கலர்ல இருக்கறதால நான் மொதமொத வரிகளைப் புரிஞ்சு கேட்டப்போ எனக்கு அந்த ஞாபகம்தான் வந்துது.

மெட்டே இல்லாம வெறும் கதையா சொன்னாலே சிரிப்பு வருதுல்ல, இந்த மாதிரி பாட்டுக்குத்தான் நாவல்ட்டி பாட்டுன்னு பேரு. கேக்கறவங்களை சிரிக்க வைக்கணும்னு பண்றது, இல்லன்னா இதுவரைக்கும் காதுல விழாத ஒரு விசித்திரமான சத்தத்தையோ குரலையோ வெச்சு ஆளை நிறுத்தறது, ரெண்டுமே இதுல அடக்கம். ரெக்கார்டு விக்கறதுக்கு முன்னாடி, பாட்டோட இசைக்குறிப்பைத் தாள்ல அச்சடிச்சு வித்த காலத்துலயே அமெரிக்காவுல இந்த வகைக்குத் தனி இடம் இருந்துது: காதல் பாட்டு, டான்ஸ் பாட்டு, நாவல்ட்டி பாட்டுன்னு பிரிச்சுதான் பேசுவாங்க. ஒரு தடவை கேட்டா சிரிப்போம், ரெண்டாவது தடவை புன்னகை, பத்தாவது தடவை அலுத்துடும், அதனால இது ஒரு சீசனோட போயிடும்னுதான் பொதுவா நினைப்பாங்க. அந்த நினைப்பு தப்புன்னு காட்டறதுக்குத்தான் இந்த ஒரு பாட்டை எடுத்துக்கிட்டேன்.

ரிதம் அண்ட் ப்ளூஸ்ங்கற பேரையும் சட்டுனு சொல்லிடறேன். கறுப்பின மக்கள் வாங்கற ரெக்கார்டுகளை அமெரிக்க இசைத்தொழில் ரொம்ப நாளா 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'னு, அதாவது இன ரெக்கார்டுகள்னு, ஒதுக்கி வெச்சிருந்துது, 1949 ஜூன் மாசம் பில்போர்டு பத்திரிகை அந்தப் பேரை எடுத்துட்டு தன்னோட ஹிட் பட்டியலுக்கு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்'னு (சுருக்கமா ஆர் அண்ட் பி) பேர் வெச்சுது. அந்தப் பேரைக் குடுத்தவர் அப்போ அங்க வேலை பாத்த ஜெர்ரி வெக்ஸ்லர். பேர் மாறினாலும் பட்டியல் தனித்தனிதான், பாப் பட்டியல் ஒண்ணு, இது ஒண்ணு. இது பின்னாடி கவர் விஷயத்துக்கு வரும்போது முக்கியம்.

பாட்டை எழுதினது ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டோலரும். ரெண்டு பேருமே 1933-ல பொறந்த யூதக் குடும்பத்துப் பசங்க, 1950-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல சந்திச்சாங்க, லீபர் வரி, ஸ்டோலர் மெட்டு. லீபரோட அம்மா பால்டிமோர்ல கறுப்பின மக்கள் இருந்த பகுதியை ஒட்டி ஒரு மளிகைக்கடை நடத்துனாங்க, சின்ன வயசுல அங்க பொழங்கினதுல அந்தப் பேச்சும் அந்த இசையும் அவருக்குள்ள ஏறிடுச்சு. இவங்க எழுதினதை பாட்டுன்னு சொல்றதைவிட குட்டி நாடகம்னு சொல்லலாம், அவங்களே அப்படித்தான் சொல்லுவாங்க. 1954-ல தி ராபின்ஸ் குழுவுக்கு ஒரு ஜெயில் கலவரத்தையே பாட்டா எழுதிக் குடுத்தாங்க, அதுவும் ஒன்பதாம் நம்பர் ப்ளாக்ல நடக்கற கலவரம், நம்பர் 9 மேல இவங்களுக்கு என்னமோ பிரியம். 1958-ல தி கோஸ்டர்ஸ் பாடின 'யாக்கெட்டி யாக்', வீட்ல குப்பையைக் கொண்டு போய் கொட்டுன்னு பையனை விரட்டற பாட்டு, பாப் பட்டியல்ல முதலிடத்துக்கே போச்சு. ஆளு, இடம், பேச்சு, திருப்பம், முடிவு, எல்லாம் ரெண்டரை நிமிஷத்துக்குள்ள. சினிமாவுக்கு ஸ்க்ரிப்ட் எழுதறவங்க இவங்ககிட்ட பாடம் படிக்கலாம், மனசாரச் சொல்றேன்.

க்ளோவர்ஸ் பத்தி கொஞ்சம் நிதானமாச் சொல்லணும், ஏன்னா இந்தப் பாட்டைத் தெரிஞ்ச நிறைய பேருக்கு இவங்களைத் தெரியாது. வாஷிங்டன் டி.சி.யில ஆர்ம்ஸ்ட்ராங் உயர்நிலைப் பள்ளியில 1946 வாக்குல ஆரம்பிச்ச குழு. 1951-லேருந்து அட்லாண்டிக்ங்கற ரெக்கார்டு கம்பெனிக்கு வரிசையா ஹிட் குடுத்தவங்க. அதுல 1952-ல வந்த 'ஒன் மின்ட் ஜூலெப்' இருக்கே (ஜூலெப்ங்கறது புதினா போட்ட ஒரு சரக்கு), அதைக் கேளுங்க: ஒருத்தன் ஒரே ஒரு க்ளாஸ் குடிக்கறான், ஒரு பொண்ணுக்கு முத்தம் குடுக்கறான், அவ அப்பாகிட்ட மாட்டிக்கறான், கல்யாணம் ஆகுது, பாட்டு முடியும்போது புள்ளகுட்டிக்காரனா நிக்கறான். எல்லாத்துக்கும் காரணம் அந்த ஒரு க்ளாஸ்னு புலம்பல். அதாவது ஒரு வாய் குடிச்சதுல வாழ்க்கை தலைகீழாப் போன கதையை நல்லாச் சொல்லத் தெரிஞ்ச ஆளுங்க இவங்க. அட்லாண்டிக்கை விட்டு யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனிக்குப் போனப்புறம், ஹிட் குறைஞ்சு போன நேரத்துல லீபரும் ஸ்டோலரும் இந்த வசிய மருந்தைக் கொண்டு வந்து குடுத்தாங்க. பாப் பட்டியல், ஆர் அண்ட் பி பட்டியல் ரெண்டுலயும் 23-வது இடம். அதுதான் அவங்களோட கடைசி பெரிய ஹிட்.

இப்போ பாட்டுக்குள்ள போவோம். மெட்டு மைனர் ஸ்கேல்ல இருக்கு. இசை தெரியாதவங்களுக்குச் சொல்லணும்னா, மேற்கத்திய இசையில மேஜர்னா பெரும்பாலும் பளிச்சுனு சந்தோஷமா ஒலிக்கும், மைனர்னா கொஞ்சம் இருட்டு, சோகம், மர்மம். காமெடிப் பாட்டுக்கு யாரா இருந்தாலும் மேஜர்தான் எடுப்பாங்க, ஸ்டோலர் மைனர்ல போட்டாரு. அதனால பாட்டு ஆரம்பிக்கும்போது ஏதோ இருட்டு சந்துக்குள்ள போற மாதிரி இருக்கு. முன்னணிக் குரல் பில்லி மிட்செல், அவரு ஒரு இடத்துலகூட சிரிக்கறதில்ல. ஸ்டேஷன்ல உக்காந்து நடந்ததை நடந்தபடி வாக்குமூலம் குடுக்கற மாதிரி, ஐயா நான் போனேன், அந்தம்மா குடுத்தாங்க, நான் குடிச்சேன்னு பாடறாரு. அவரு அவ்ளோ சீரியஸா இருக்கறதாலதான் நமக்கு சிரிப்பு.

அந்தக் குடிக்கற இடம். அதை மட்டும் தனியா பத்து தடவை கேட்டிருப்பேன். மூக்கைப் பிடிச்சேன், கண்ணை மூடினேன்னு வரும்போது பேண்டு அப்படியே நின்னுடும், குரல் மட்டும் தனியா நிக்கும், ஒரு வாய் குடிச்சேன்னு சொல்லி முடிச்ச அந்த நொடி நமக்கே தொண்டையில ஏதோ இறங்கற மாதிரி இருக்கும், அப்புறம் டக்குனு தாளம் திரும்ப வந்து ஆளை இழுத்துக்கிட்டுப் போயிடும். இப்படி இசையை நிறுத்திட்டு குரலை மட்டும் விடறதுக்கு ஸ்டாப் டைம்னு பேரு, ப்ளூஸ்லயும் ஜாஸ்லயும் பழைய உத்திதான். ஆனா இங்க அது வெறும் அலங்காரம் இல்ல, மருந்து தொண்டைக்குள்ள இறங்கற நேரமே அதுதான்.

இன்னொரு சின்ன விஷயம், அந்தத் தெருமுனை. பாட்டுல 34-வது தெருவும் வைன் தெருவும் சந்திக்கற இடம்னு வரும். 34-வது தெருன்னா நியூயார்க்கோட பேர் போன தெரு, வைன்னா ஹாலிவுட்ல பேர் போன தெரு. எழுதினவங்க லாஸ் ஏஞ்சல்ஸ்லேருந்து நியூயார்க்குக்கு குடி வந்தவங்க, ரெண்டு ஊரையும் ஒட்டவெச்சு மனசுக்குள்ளயே ஒரு முனையைக் கட்டிட்டாங்கன்னுதான் நான் எடுத்துக்கறேன். மேடம் ரூத்தை பாட்டுல 'ஜிப்ஸி'ன்னு சொல்றாங்க, அந்த வார்த்தையை இன்னிக்கு ரோமா மக்கள் நிறைய பேரு அவமரியாதையாத்தான் பாக்கறாங்க, குறி சொல்லி ஏமாத்தறவங்கன்னு ஒரு இனத்து மேலயே முத்திரை குத்தின பழைய பழக்கம் அது. 1959-ல எழுதினதுன்னு தெரிஞ்சுக்கிட்டு கேக்கணும், நாமளும் அந்த வார்த்தையைத் தூக்கிக்கிட்டு சுத்த வேண்டாம்.

சரி, கவர்னா என்ன? இப்போ யூட்யூப்ல யாராவது கிடார் எடுத்துக்கிட்டு பழைய பாட்டைப் பாடினாலே கவர்னு சொல்றோம். 1950-கள்ல அமெரிக்காவுல அதுக்கு கொஞ்சம் கசப்பான அர்த்தம் இருந்துது. ஒரு கறுப்பினக் கலைஞர் பாடி ஆர் அண்ட் பி பட்டியல்ல ஒரு பாட்டு ஏற ஆரம்பிச்சா, அதே பாட்டை ஒரு வெள்ளையரை வெச்சு உடனே ரெக்கார்டு பண்ணி பாப் ரேடியோவுக்கு அனுப்பிடுவாங்க. 1955-ல லவெர்ன் பேக்கர் பாடின 'ட்வீட்லி டீ'யை ஜார்ஜியா கிப்ஸ், இசை ஏற்பாடு (எந்த வாத்தியம் எங்க எப்படி வாசிக்கணும்ங்கற அரேஞ்ச்மென்ட்) உட்பட ஏறக்குறைய அப்படியே எடுத்துப் பாடி பாப் பட்டியல்ல பேக்கரைத் தாண்டிப் போயிட்டாங்க. பேக்கர் சும்மா இருக்கல, இதைத் தடுக்க சட்டம் வேணும்னு நாடாளுமன்ற உறுப்பினருக்கு கடிதம் எழுதினாங்க. ஒண்ணும் நடக்கல.

ஏன் நடக்கலன்னா, ஒரு பாட்டுல ரெண்டு சொத்து இருக்கு. வரியும் மெட்டும் ஒரு சொத்து, அதை ஒருத்தர் பாடிப் பதிவு பண்ணின அந்த ஒலி இன்னொரு சொத்து. அமெரிக்காவுல 1909 சட்டப்படி, ஒரு பாட்டு ஒரு தடவை ரெக்கார்டா வந்துட்டா அப்புறம் யார் வேணும்னாலும் அதைப் பதிவு பண்ணலாம், எழுதினவங்களுக்கு ஒரு பிரதிக்கு 2 சென்ட் குடுத்துடணும், அவ்ளோதான். அந்த 2 சென்ட் 1978 வரைக்கும் மாறவே இல்ல. முதல்ல பாடினவங்களோட குரல், அவங்க பேண்டு யோசிச்சு வாசிச்ச அந்த ஏற்பாடு, இதுக்கெல்லாம் கவர் பண்றவங்க சல்லிக்காசு குடுக்க வேண்டாம். பதிவான ஒலிக்கே தேசிய அளவுல காப்புரிமை வந்தது 1972-லதான். அதனால ஒரு பாட்டு எத்தனை கவர் ஆனாலும் எழுதினவங்க வீட்டுக்கு காசு போகும், முதல்ல உயிர் குடுத்தவங்க வீட்டுக்குப் போகாது. இதைப் படிச்சப்போ எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துது, இப்பவும் க்ளோவர்ஸை கேக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும்.

நான் இந்தப் பாட்டை மொதல்ல கேட்டது க்ளோவர்ஸ் குரல்ல இல்ல, சர்ச்சர்ஸ் குரல்லதான், ரொம்ப வருஷம் அவங்க பாட்டுன்னே நினைச்சுட்டிருந்தேன். தி சர்ச்சர்ஸ் லிவர்பூல் பசங்க, பீட்டில்ஸோட ஊரு, அதே அலையில வந்தவங்க. அமெரிக்க ஆர் அண்ட் பி ரெக்கார்டுகளைத் தேடித்தேடி கேட்டு மேடையில பாடறதுதான் அந்த ஊரு பசங்களுக்கு அப்போ வேலையே. 1963-ல தங்களோட முதல் ஆல்பத்துல இதைச் சேத்தாங்க, அமெரிக்காவுல சிங்கிளா, அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டா, வெளிவந்து 1965 ஜனவரில பில்போர்டு பட்டியல்ல 3-வது இடம் வரைக்கும் போச்சு. அமெரிக்காவுல அவங்களுக்குக் கிடைச்ச மிகப்பெரிய ஹிட் இதுதான். க்ளோவர்ஸுக்கு 23, இவங்களுக்கு 3.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேளுங்க. சர்ச்சர்ஸ்ல கிடார் கணகணன்னு முன்னாடி நிக்குது, தாளம் நேரா ஓடுது, குரல்கள் சுத்தமா ஒட்டி வருது. போலீஸ்காரரும் இருக்காரு, சிங்க்கும் இருக்கு, கதையில எதுவும் காணாமப் போகல. ஆனா க்ளோவர்ஸ்ல கேக்கற அந்த அடிபட்ட ஆளு, நெஜமாவே வேற வழியில்லாம சந்துக்குள்ள போன ஆளு, அவரு இங்க இல்ல. இங்க இருக்கறது நாலு இளவட்டங்க ஒரு நல்ல கதையை ஜாலியா சொல்றது. ரெண்டுமே எனக்குப் பிடிக்கும், ஆனா எது பெருசுன்னு கேட்டா யோசிக்காம க்ளோவர்ஸ்னுதான் சொல்லுவேன்.

அதே 1965-ல ஹெர்ப் ஆல்பர்ட் தன்னோட ட்ரம்பெட் குழுவை வெச்சு இதை வரியே இல்லாம வாசிச்சாரு. பச்சை மிளகு, எலுமிச்சை, வேர்க்கடலைன்னு தின்ற பொருள் பேர்லயே பாட்டுங்க நிறைஞ்ச 'விப்ட் க்ரீம்' ஆல்பம் அது, அந்த விருந்துல குடிக்கற அயிட்டமா இது. கதை மொத்தமும் போச்சு, ஆனாலும் அந்த மைனர் மெட்டு மட்டும் தனியா நின்னு காட்டுது. அப்புறம் 1971-ல இதே எழுத்தாளர்களோட ஆஸ்தான குழுவான கோஸ்டர்ஸ் பதிவு வந்து 76-வது இடத்தோட நின்னுடுச்சு. 1982-ல டைகர்ஸ் ஆஃப் பான் டாங்னு ஒரு இங்கிலாந்து ஹெவி மெட்டல் (காதைப் பொளக்கற ராக் வகை) குழு கரகரன்னு அலற கிடார்ல இதைப் போட்டாங்க. மெட்டலுக்கு மைனர் ஸ்கேல் சொந்த வீடு மாதிரிங்கறதால மெட்டு அங்க அழகாப் போய் உக்காந்துடுச்சு.

இப்படி இந்தப் பாட்டு எங்க போனாலும் பொழைச்சுக்குது. எனக்குத் தெரிஞ்ச காரணம் இது: ஒரு நாவல்ட்டி பாட்டை எடுத்தா, சிரிப்பு எங்க இருக்குன்னு பாக்கணும். வரியில இருக்கா, குரல்ல இருக்கா, பாடற ஆளோட கோலத்துல இருக்கா? வசிய மருந்துல சிரிப்பு வரியில இருக்கு, அடியில மெட்டு தனியா பலமா இருக்கு. அதனால யார் பாடினாலும் கதை வந்துடும், கதையை எடுத்துட்டாலும் மெட்டு நிக்கும்.

இதுக்கு நேர் எதிர் ஒண்ணு சொல்றேன். க்ளாரன்ஸ் ஹென்றி, நியூ ஆர்லியன்ஸ்காரர், 1956-ல 'எய்ன்ட் காட் நோ ஹோம்'னு பாடினாரு. எனக்கு வீடு இல்ல, யாரும் இல்லன்னு ஒரு பையன் குரல்ல பாடுவாரு, அப்புறம் ஒரு பொண்ணு குரல்ல, அப்புறம் தவளைக் குரல்ல. நெஜமாவே தவளை, தொண்டைக்குள்ளேருந்து கொரகொரன்னு வரும். அதுலேருந்து அவருக்கு 'ஃப்ராக்மேன்'னே பேராயிடுச்சு. இங்க சிரிப்பு முழுக்க குரல்லதான். 1973-ல 'தி பேண்ட்'னே பேர் வெச்ச ஒரு ராக் குழு இதை கவர் பண்ணாங்க, பண்ணும்போது தவளையையும் சேத்துக் கொண்டு வந்தே ஆகணும், தவளை இல்லன்னா பாட்டே இல்ல.

மூணாவது கதைதான் எனக்கு ரொம்ப நெருக்கம். இதுவும் வசியம்தான், ஆனா மருந்து இல்ல, மந்திரம். ஸ்க்ரீமின் ஜே ஹாக்கின்ஸ் 1956-ல பதிவு பண்ணின 'ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ'. அதை அவரு முதல்ல ஒரு மெதுவான காதல் பாட்டாத்தான் நினைச்சாரு, ஓபரா பாடகர் ஆகணும்னு ஆசைப்பட்ட மனுஷன். பதிவு அன்னிக்கு ஸ்டூடியோவுல சாப்பாடும் சரக்கும் தாராளமா வந்து எல்லாரும் போதையில இருந்தாங்களாம், கத்தல், உறுமல், முனகல், எல்லாம் டேப்ல ஏறிடுச்சு, அப்புறம் அந்த ரெக்கார்டைக் கேட்டுத்தான் தன் பாட்டைத் தானே திரும்பக் கத்துக்க வேண்டியிருந்துதுன்னு அவரே சொல்லிருக்காரு. ரேடியோவுல பாட்டு போடற டிஜே ஆலன் ஃப்ரீட் குடுத்த யோசனையில மேடையில சவப்பெட்டிக்குள்ளேருந்து எழுந்து வர ஆரம்பிச்சாரு, கையில குச்சி, குச்சி நுனியில மண்டை ஓடு, அந்த ஓட்டுக்கு ஹென்றின்னு பேரு. பாட்டு பட்டியல்ல ஏறவே இல்ல, ஆனா ஊரெல்லாம் தெரிஞ்சுது. ஒரு நல்ல பாடகரை வாழ்நாள் முழுக்க சவப்பெட்டிக்குள்ள படுக்க வெச்சுட்டாங்களேன்னு எனக்கு ஆதங்கம்தான்.

1965-ல பாடகி நீனா சிமோன் அதே பாட்டை எடுக்கறாங்க. சவப்பெட்டி இல்ல, உறுமல் இல்ல. வயலின்கள் பின்னாடி மெதுவா எழும்புது, அவங்க குரல் தாழ நின்னு, நீ எனக்குச் சொந்தம்னு சொல்லுது. வரி அதேதான், யாரும் சிரிக்க முடியாது. அவங்க சுயசரிதைக்கே அந்தப் பேரைத்தான் வெச்சாங்க. அங்க சிரிப்பு வரியில இருந்ததே இல்ல, ஹாக்கின்ஸோட கோலத்துலதான் இருந்துது. அதைக் கழட்டி வெச்சதும் அவரு முதல்ல நினைச்ச காதல் பாட்டு அப்படியே உள்ள இருந்துது.

வரியையே மாத்திட்டா என்னாகும்னும் ஒரு உதாரணம் இருக்கு, அதுவும் லீபர்–ஸ்டோலர் எழுதினது. 'ஹவுண்ட் டாக்', 1952-ல பாடகி பிக் மாமா தார்ன்டன் பதிவு பண்ணி அடுத்த வருஷம் ஆர் அண்ட் பி பட்டியல்ல 7 வாரம் முதலிடத்துல இருந்துது. ஓசியில ஒட்டிக்கிட்டு திங்க வர்ற ஆம்பளையை வாசல்லயே நிறுத்தி ஒரு பொம்பளை வெளுத்து வாங்கற பாட்டு, நாய்னு சொல்றதே அவனைத்தான். ஃப்ரெடி பெல்னு ஒரு மேடைக் கலைஞர் அதுல முயல் பிடிக்கறதைப் பத்தியெல்லாம் வரி மாத்திப் பாடிட்டிருந்தாரு, லாஸ் வேகாஸ்ல அதைக் கேட்ட எல்விஸ் ப்ரெஸ்லி 1956-ல அந்த வரிகளோடயே பாடினாரு. கிண்டலுக்கு இலக்கான ஆம்பளை காணாமப் போயி, நெஜ நாயே வந்து உக்காந்துடுச்சு. எல்விஸோட வேகமும் ட்ரம்ஸும் வேற ஒரு பெரிய விஷயத்தைக் குடுத்துச்சு, அதை மறுக்கல, ஆனா அந்த பொம்பளையோட கோவம் போனது போனதுதான். தனக்கு 500 டாலர் செக் ஒண்ணுதான் வந்துதுன்னு தார்ன்டன் சொல்லிருக்காங்க.

புதுசாக் கேக்கறவங்களுக்கு நான் சொல்ற வரிசை: முதல்ல க்ளோவர்ஸ், ராத்திரி, ஹெட்ஃபோன்ல. அடுத்து சர்ச்சர்ஸ், பகல்ல, கொஞ்சம் சத்தமா. ரெண்டுலயும் அந்த குடிக்கற இடத்துல பேண்டு நிக்கறதை மட்டும் கவனிச்சு கேளுங்க. அதுக்கப்புறம் ஹாக்கின்ஸையும் நீனாவையும் ஒட்டி ஒட்டிக் கேளுங்க, ஒரே மூச்சுல.

கடைசியா ஒண்ணு. க்ளோவர்ஸ் இந்தப் பாட்டுக்கு வேற முடிவோட இன்னொரு பதிவும் பண்ணிருக்காங்க, 1973-ல வந்த 'அமெரிக்கன் க்ராஃபிட்டி' படத்தோட பாட்டுத் தொகுப்புல இருக்கறது அந்தப் பதிவுதான். அதுல நம்ம ஆளு பாட்டில் உடைஞ்சதுக்கெல்லாம் கவலைப்படவே இல்ல. ரொம்ப நல்லா இருந்துது, திரும்ப மேடம் ரூத்கிட்ட போறேன், பத்தாம் நம்பர் குடிச்சா என்னாகும்னு பாக்கலாம்னு சொல்லிட்டுக் கிளம்பிடறான்.